ஆடுகளத்துக்கு அப்பால்: தேசிய அணியின் உள்வீடும் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளும்

உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் எம்மவர் வீடுகளின் விருந்தறைகளில் ஒரு விவாதமும் தொடங்கிவிடும். தந்தை பிரேசிலுக்கோ ஆர்ஜென்ரீனாவுக்கோ குரல் கொடுப்பார். இங்கே பிறந்த மகன், தான் பிறந்த நாட்டின் மேலாடையை அணிந்து நிற்பான். இடையில் தேநீர் கொண்டுவரும் தாய், "யார் வெண்டால் என்ன, நாளைக்கு வேலைக்குப் போக வேணும்" என்று விளக்கை அணைக்கச் சொல்லுவார். தொண்ணூறு நிமிடங்கள் முடிந்ததும் தொலைக்காட்சி அணைகிறது. ஆனால் அந்த அணிகளின் வாழ்வு அதற்குப் பின்னர்தான் தொடங்குகின்றது. ஐந்து வாரங்கள், பூட்டிய விடுதி, இருபத்தாறு இளைஞர்கள், அவர்களைச் சுற்றி மருத்துவர்கள், சமையற்காரர்கள், உடைப் பொறுப்பாளர்கள். அந்த உள்வீட்டில் நடப்பவற்றை நாம் பெரும்பாலும் காண்பதில்லை.

ஒரு விளையாட்டுப் பகுதியில் வரவேண்டிய செய்தி தலையங்கத்துக்கு ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளை ஒரு தேசம் எவ்விதம் நடத்துகின்றது என்பதை நாடாளுமன்ற உரைகளைவிட அந்த விடுதிகளின் தாழ்வாரங்களில் தெளிவாகக் காணலாம் என்று நாம் கருதுகின்றோம். ஆதாரங்கள் கைவசம் உள்ளன.

1998ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டு உலகக் கிண்ணத்தைத் தன் மண்ணிலேயே வென்ற பிரான்ஸ் அணியுடன் ஸ்ரெபான் மெனியே என்ற இயக்குனர் கமராவுடன் தங்கியிருந்தார். அவர் எடுத்த ஆவணப்படம் உடைமாற்றும் அறையின் கதவை முதன்முறையாகப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது எனலாம். பயிற்றுனர் ஏமே ஜாக்கே வீரர்களிடம் பேசுவதையும், உதைபடும் கால்களுக்குக் கட்டுப் போடப்படுவதையும், படுக்கைகளில் படுத்தபடி வீரர்கள் வெறுமனே நேரத்தைப் போக்குவதையும் மக்கள் கண்டனர். அவ்வணியில் கானாவில் பிறந்த தெசாயி இருந்தார், செனெகலில் பிறந்த வியேரா இருந்தார், குவாதலூப்பில் பிறந்த துராம் இருந்தார், அல்ஜீரியப் பெற்றோருக்கு மார்செய்யில் பிறந்த சிடான் இருந்தார். நியூகலிடோனியாவிலிருந்து வந்த கரெம்பே தேசிய கீதத்தைப் பாட மறுத்து மௌனமாகவே நின்றார். அவருடைய மூதாதையர் 1931இல் பாரிஸில் நடந்த குடியேற்றநாடுகள் கண்காட்சியில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டவர்கள். கிண்ணம் வந்ததும் கறுப்பர், வெள்ளையர், அரபியர் அனைவரும் ஒரே பிரான்ஸ் என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது. வென்றவர்களைச் சொந்தம் கொண்டாடுவதற்கு எவருக்கும் சிரமமில்லை.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2006இல் ஜேர்மனியில் நடந்த உலகக் கிண்ணத்துக்குச் சென்ற பிரான்ஸ் அணியில் விகாஷ் தொராசு என்றொருவர் இருந்தார். எமது வாசகர்களில் பலருக்கு இப்பெயர் தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வேண்டிய பெயர். மொரிசியசிலிருந்து குடிபெயர்ந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த குடும்பத்தில், லு ஹாவ்ர் துறைமுகத்தை அடுத்த ஹார்ப்ளூரில் 1973இல் பிறந்தவர். லியோன், மிலான், பாரிஸ் ஆகிய நகரங்களின் பெருங்கழகங்களில் ஆடியவர். 2006 ஏப்பிரலில் பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் மார்செய் அணிக்கெதிராக வெற்றிக் கோலை அடித்தவர். அவ்வாண்டு யூன் மாதத்தில், உலகக் கிண்ண இறுதிச்சுற்றில் களமிறங்கிய முதலாவது இந்திய வம்சாவளியினர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

கிடைத்தது பெயர்தான். சுவிற்சர்லாந்துக்கும் தென்கொரியாவுக்கும் எதிரான முதல் இரு ஆட்டங்களிலும் இறுதி நிமிடங்களில் மாற்று வீரராக இறக்கப்பட்டார். அதன் பின்னர் ஸ்பெயின், பிரேசில், போர்த்துக்கல் ஆகிய அணிகளை வீழ்த்தி, பேர்லினில் இத்தாலியுடன் இறுதியாட்டம் வரை பிரான்ஸ் சென்றது. சிடான் தலையால் முட்டி வெளியேற்றப்பட்ட அந்த இரவு உலகமே அறிந்தது. அத்தனை நாட்களும் தொராசு வாங்கில் அமர்ந்திருந்தார்.

அவர் வாளாவிருக்கவில்லை என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது. புறப்படுமுன் இசைக்கலைஞரும் இயக்குனருமான அவரது நண்பர் பிரெட் பூலே ஒரு சூப்பர் எட்டு கமராவை அவரிடம் கொடுத்திருந்தார். அது பழைய வகைக் கமரா, ஒரு சுருளில் சில நிமிடங்களே பதிவாகும். இன்றைய கைபேசியில் மணிக்கணக்கில் எடுத்துத் தள்ளும் எம் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் சுருள் குறுகியது என்றால் எதை எடுப்பது என்று மனிதன் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஹாமெல்ன் நகருக்கருகில் கோட்டை போன்ற விடுதியொன்றில் பிரான்ஸ் அணி தங்கியிருந்தது. தொராசு எடுத்தது அந்த விடுதியின் அறையை, சாளரத்தை, தாழ்வாரத்தை, காத்திருப்பை. பூலேயும் இன்னொரு கமராவுடன் ஜேர்மனியில் நகர் நகராக அணியைப் பின்தொடர்ந்தார். இரண்டு பதிவுகளும் சேர்ந்து 2007இல் திரைப்படமாக வெளிவந்தன. படத்தின் பெயரே 'மாற்று வீரர்' என்பதுதான்.

அதே போட்டியில் ஜேர்மன் அணியுடன் தங்கியிருந்து சென்கே வோர்ட்மன் எடுத்த ஆவணப்படத்தை அந்நாட்டுத் திரையரங்குகளில் நாற்பது இலட்சம் பேர் பார்த்தனர். கிளின்ஸ்மனின் உணர்ச்சிமிகு உரைகள், சிரிப்பு, கோடைகாலம், கொடிகள் எல்லாம் அதில் உண்டு. நல்ல படந்தான். ஆனால் அது வீட்டுக்காரரின் அனுமதியுடன் வரவேற்பறையில் எடுக்கப்பட்ட படம். தொராசுவின் படம் கோடியறையில் இருந்தவர் எடுத்தது. தகுதிச்சுற்றில் தன்னை ஆடவைத்த பயிற்றுனர் தொமெனெக் இப்போது ஏன் ஒதுக்குகிறார் என்ற ஆற்றாமை படம் நெடுகிலும் கேட்கின்றது. அதை நன்றிகெட்டதனம் என்று சொன்னவர்கள் உண்டு. அணி இறுதியாட்டம் வரை சென்றிருக்கும்போது ஒருவன் தன் சோகத்தைப் பேசுவதா என்ற கேள்வியில் நியாயம் முற்றாக இல்லை என்று நாமும் சொல்லமாட்டோம். வாங்கில் இருந்த எல்லோரும் கமரா தூக்கியிருந்தால் எந்த அணியும் நிலைக்காது. ஆயினும் அணியில் எண்ணப்பட்டு, படத்தில் நிறுத்தப்பட்டு, ஆட்டத்தில் மட்டும் விடப்படாத நிலையை இவ்வளவு நேர்மையாகப் பதிவுசெய்த இன்னொரு ஆவணத்தை நாம் கண்டதில்லை. அலுவலகக் கூட்டங்களில் இருபது ஆண்டுகளாக ஓரத்து நாற்காலியில் அமர்ந்துவரும் எம்மவர் எவருக்கும் அந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அவ்வாண்டு ஒக்டோபரில் பயிற்றுனருடனான முரண்பாட்டையடுத்து பாரிஸ் கழகம் தொராசுவைப் பணிநீக்கம் செய்தது. அதன்பின் அவர் பெரிதாக ஆடவில்லை.

இன்னொன்றையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 2006இல் பிரான்ஸ் இருந்த அதே பிரிவில்தான் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்கு வந்த தோகோவும் இருந்தது. பிரெஞ்சு வீரர் கோட்டை விடுதியில் தனிமையைப் படமெடுத்துக்கொண்டிருந்த நாட்களில், நாட்டின் தென்கோடியில் வாங்கன் என்ற சிற்றூரில் தங்கியிருந்த தோகோ வீரர்கள் தமக்குத் தருவதாகச் சொன்ன பணத்தைக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தனர். பயிற்றுனர் ஒட்டோ பிஸ்ரர் முதலாட்டத்துக்குச் சில நாட்கள் முன் பதவி விலகி, பின்னர் திரும்பி வந்தார். சுவிற்சர்லாந்துடனான ஆட்டத்துக்குப் புறப்பட வீரர்கள் மறுக்க, பீபா அமைப்பு தலையிட வேண்டியதாயிற்று. 2014இல் பிரேசிலில் கானா வீரர்களுக்காக முப்பது இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகை ரொக்கமாகவே தனி விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டது. வாகனத் தொடரணியில் வந்த அந்தப் பணக்கட்டுக்கு வீரர் ஒருவர் முத்தம் கொடுத்ததைப் பார்த்து உலகம் நகைத்தது. முன்னர் எத்தனை தடவை ஏமாற்றப்பட்டிருந்தால் ஒருவன் வங்கிக் கணக்கை நம்பாமல் ரொக்கம் கேட்பான் என்பதை நகைத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூலியை எண்ணி வாங்கிப் பழகிய எமது முதல் தலைமுறையினருக்கு அது விளங்கும்.

மீண்டும் பிரான்சுக்கு வருவோம். 2010, தென்னாபிரிக்கா, க்னைஸ்னா. பயிற்றுனரைத் திட்டியதாக ஒரு நாளேட்டின் முதற்பக்கத்தில் செய்தி வர, நிக்கொலா அனெல்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறுநாள், யூன் 20ஆம் திகதி, பயிற்சிக்கு வந்த வீரர்கள் பேருந்தில் ஏறித் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டனர். அவர்கள் எழுதிய அறிக்கையை, அவர்கள் எதிர்த்த பயிற்றுனரே கமராக்களுக்கு முன் நின்று வாசித்தார். இரண்டு நாட்களில் தென்னாபிரிக்காவிடம் தோற்று அணி நாடு திரும்பியது. அந்த வேலைநிறுத்தத்தை நாம் நியாயப்படுத்த வரவில்லை. கோடிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்கள் சிறுவர்கள் போல நடந்துகொண்டனர் என்பதே எமது கருத்தும். ஆனால் அதன் பின் நடந்ததுதான் கவனத்துக்குரியது. அமைச்சர் நாடாளுமன்றத்தில் அவ்வீரர்களைக் குழுத் தலைவர்களான சண்டியர்கள் என்ற பொருள்படப் பேசினார். ஊடகங்களில் பேச்சு பயிற்றுனரின் திறமையிலிருந்து விலகி, புறநகர்க் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களின் குணத்துக்கு மாறியது. 1998இல் நாட்டின் பெருமையாக இருந்த அதே குடியிருப்புகள், 2010இல் நாட்டின் நோயாகிவிட்டன. இடையில் மாறியது ஆட்ட முடிவு மட்டுமே.

அது பேச்சோடு நிற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் பிரெஞ்சு உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் அதிகாரிகள் கூடிய கூட்டமொன்றில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவர்களைப் பயிற்சிக்கூடங்களுக்குத் தெரிவுசெய்யும்போது, வேறொரு நாட்டுக்கும் ஆடும் உரிமையுள்ள இரட்டைக் குடியுரிமைப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது பற்றிப் பேசப்பட்டது. நாம் பயிற்றுவிக்க, அவர்கள் வளர்ந்து மொறோக்கோவுக்கும் செனெகலுக்கும் ஆடப்போகிறார்கள் என்பதே முறைப்பாடு. அக்கூட்டத்தில் இருந்த ஊழியர் ஒருவர் உரையாடலை ஒலிப்பதிவு செய்திருந்தார். 2011 ஏப்பிரலில் மெடியாபார்ட் இணையச் செய்தித்தளம் அதை வெளியிட்டது. தொழில்நுட்ப இயக்குனர் இடைநிறுத்தப்பட்டார். கூட்டத்தில் பங்குபற்றிய தேசியப் பயிற்றுனர் லோரோன் பிளாங் மீது விசாரணையின் முடிவில் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. உச்சவரம்பும் நடைமுறைக்கு வரவில்லை.

ஆனால் எமது பிள்ளைகளின் எதிர்காலம் இப்படித்தான், நாம் இல்லாத அறைகளில், விகிதாசாரமாகப் பேசப்படுகின்றது. கறுப்பினத்தவர் என்றோ அரபியர் என்றோ அங்கு எழுதவேண்டியதில்லை, இரட்டைக் குடியுரிமை என்று எழுதினால் போதும். ஒலிப்பதிவு வெளிவராதிருந்தால் அந்தச் சிறுவர்களில் எவனுக்கும் தான் ஏன் தெரிவாகவில்லை என்பது தெரியவே வந்திராது. தகப்பன், "நீ போதியளவு ஓடவில்லை" என்று மகனைத்தான் கடிந்திருப்பார்.

இனி, 2022. கட்டாரில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு மொறோக்கோ அறிவித்த 26 வீரர்களில் 14 பேர் மொறோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். அணித்தலைவர் சாயிஸ் பிரான்சில், ஹக்கிமி மட்ரிட்டில், சியேக்கும் அம்ராபத்தும் மஸ்ராவியும் நெதர்லாந்தில், பந்துக்காப்பாளர் பூனூ மொன்றியலில், செத்திரா இத்தாலியில், இன்னும் சிலர் பெல்ஜியத்தில். பயிற்றுனர் வாலிட் ரெக்ராகி பாரிஸை அடுத்த கோர்பெய்-எஸ்ஸோனில் பிறந்தவர். ஒரே அணிக்குள் மொறோக்கோ அரபு, றிவ் மலைநாட்டின் அமாசிக், பிரெஞ்சு, டச்சு, ஸ்பானியம் என்று ஒரு சிறிய புலம்பெயர் சமூகமே குடியிருந்தது.

அது முன்கூட்டியே இனிதாக அமைந்துவிட்ட குடும்பம் அன்று. முந்தைய பயிற்றுனர் ஹலில்ஹோஜிச்சுடன் முரண்பட்டு சியேக் தேசிய அணியிலிருந்தே விலகிக்கொள்வதாக 2022 பெப்ரவரியில் அறிவித்திருந்தார். போட்டிக்கு மூன்று மாதங்களே இருந்த நிலையில், ஓகஸ்டில், அப்பயிற்றுனர் நீக்கப்பட்டு ரெக்ராகி வந்தார். வெளிநாட்டில் பிறந்தவர்களை ஏன் ஆடவைக்கிறீர்கள், உள்ளூரில் பிறந்தவர்கள் இல்லையா என்று உள்நாட்டு ஊடகத்தினர் கேட்டுக்கொண்டிருந்ததை அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். பிரான்சில் இரட்டைக் குடியுரிமையாளர் என்று சந்தேகிக்கப்பட்ட அதே பிள்ளை, தாய்நாட்டில் வெளிநாட்டான் என்று சந்தேகிக்கப்படுகின்றான். இந்த இரட்டைச் சந்தேகத்தை அறியாத புலம்பெயர்ந்தோர் எவருமில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போன பிள்ளையின் தமிழைக் கேட்டுச் சிரித்த உறவினர்களை எம் எல்லோருக்கும் தெரியும்.

ரெக்ராகியும் சம்மேளனமும் எடுத்த ஒரு முடிவு எமக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றது. வீரர்களின் பெற்றோரையும் குடும்பத்தினரையும் சம்மேளனத்தின் செலவில் டோஹாவுக்கு அழைத்து வந்தனர். பெரும்பாலான அணிகள் குடும்பத்தைக் கவனச்சிதறலாகக் கருதி வேறு விடுதியில் தள்ளிவைப்பதே வழமை. இங்கே தாய்மாரே உள்வீட்டின் பகுதியாயினர். பெல்ஜியத்தை வென்றதும் ஹக்கிமி பார்வையாளர் பகுதிக்குச் சென்று தாயிடம் முத்தம் பெற்ற படம் உலகைச் சுற்றியது. அந்தத் தாய் ஸ்பெயினில் வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளைகளை வளர்த்தவர். தந்தை தெருவோர வியாபாரி. இதனை ஹக்கிமி முன்னரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். போர்த்துக்கலை வென்ற அன்று பூபால் தன் தாயை மைதானத்துக்குள்ளேயே அழைத்துவந்து கைகோத்து ஆடினார். ரெக்ராகியின் தாயோ, மகனின் நீண்ட ஆட்டவாழ்விலும் பயிற்றுனர் வாழ்விலும் ஒரு போட்டிக்காகத் தான் பாரிஸை விட்டுப் பயணம் செய்வது அதுவே முதல்தடவை என்று தொலைக்காட்சியில் கூறினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிரான்சில் வாழ்ந்தவர் அவர். அந்த ஐம்பது ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார் என்று எம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுமா? வேலைக்குப் போயிருந்தார்.

இவ்விடத்தில் எம் மனத்தை உறுத்திய ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. ஐரோப்பாவில் பிறர் வீடுகளைக் கழுவிய தாய்மார் டோஹா விடுதிகளில் விருந்தினராகத் தங்கினர், மகிழ்ச்சி. அந்த விடுதிகளின் படுக்கைகளை விரித்தவர்களும், அந்த மைதானங்களைக் கட்டியவர்களும் யார்? நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் சென்ற எம்மவர் பலர் கட்டாரில் உழைத்திருக்கின்றனர். அவர்களுடைய தாய்மாரை எந்தச் சம்மேளனமும் விமானத்தில் அழைத்து வரவில்லை. இதைச் சொல்வதால் மொறோக்கோ தாய்மாரின் மகிழ்ச்சி குறைவதாகாது. ஒரு வீட்டின் உள்ளே எத்தனை உள்வீடுகள் இருக்கின்றன என்பதையே சொல்கின்றோம்.

ஆட்டங்களுக்கு வருவோம். இதை எழுதுபவர் வாரநாட்களில் கணினிச் சேவையகங்களைப் பராமரித்துப் பிழைப்பவர். எங்கள் தொழிலில் ஒரு பொறி செயலிழந்தால் அடுத்த கணமே மாற்றுப்பொறி பொறுப்பேற்க வேண்டும். மாற்றுப்பொறி இருப்பது அதுவரை எவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. 2022 நவம்பர் 27ஆம் நாள் பெல்ஜியத்துடனான ஆட்டத்தில் பூனூ வரிசையில் நின்று தேசிய கீதம் பாடினார். பாடி முடிந்ததும் உடல்நிலை சரியில்லை என்று வெளியேறினார். தொலைக்காட்சி பார்த்த பலர் பந்துக்காப்பாளர் மாறியதையே கவனிக்கவில்லை. சில நிமிட அவகாசத்தில் கையுறை அணிந்து இறங்கிய முனீர் ஒரு கோலும் வாங்காமல் தொண்ணூறு நிமிடங்களையும் முடித்தார். மொறோக்கோ 2-0 என்று வென்றது. அடுத்த ஆட்டத்தில் முனீர் மீண்டும் வாங்குக்குத் திரும்பினார். தொராசுவின் படத்தைப் பார்த்தபின் இவ்வாறான மனிதர்களைக் கவனிக்காமல் இருக்க முடிவதில்லை.

டிசெம்பர் 6இல் ஸ்பெயினைத் தண்ட உதைகளில் 3-0 என்று வீழ்த்தினர். ஸ்பெயினில் பிறந்த ஹக்கிமியே கடைசி உதையை நிதானமாக நடுவில் தூக்கிப் போட்டார். 10இல் போர்த்துக்கலை என்-நெசிரியின் தலையடிக் கோலால் வென்று, அரையிறுதிக்குச் சென்ற முதலாவது ஆபிரிக்க அணியாயினர். அந்த என்-நெசிரியும், ஊனாஹியும், அகேர்டும் 2009இல் மொறோக்கோவில் திறக்கப்பட்ட மன்னரின் பெயரிலான பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள். ஆகவே புலம்பெயர்ந்தோர் மட்டுமே சாதித்தனர் என்று எம்மவர் சிலர் மார்தட்டுவது பிழை. உள்ளூரில் கட்டிய அடித்தளமும் வெளியிலிருந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்தே அந்த அணி அமைந்தது.

விலையும் கொடுக்கப்பட்டது. ஸ்பெயினுடனான ஆட்டத்துக்கு முந்தைய இரவு அம்ராபத் அதிகாலை மூன்று மணிவரை இயன்மருத்துவரிடம் இருந்தார். ஊசி ஏற்றிக்கொண்டே களமிறங்கினார். இதை அவரே ஆட்டத்தின் பின் சொன்னார். பிரான்சுடனான அரையிறுதியில் காயத்துடன் தொடங்கிய சாயிஸ் 21ஆம் நிமிடத்தில் வெளியேறினார். அகேர்ட் பெயர்ப்பட்டியலில் இருந்தும் ஆரம்பிக்குமுன்னே விலகினார். 2-0 என்று பிரான்ஸ் வென்றது. அம்ராபத்தின் அண்ணன் நூர்தினின் கதை இதைவிடக் கவலைக்குரியது. 2018 உலகக் கிண்ணத்தில் ஈரானுக்கெதிராகத் தலையில் அடிபட்டு மூளை அதிர்வுக்கு ஆளானவர், ஐந்தே நாட்களில் போர்த்துக்கலுக்கெதிராக இறங்கினார். பாதுகாப்புக்கு அணிந்த தலைக்கவசத்தையும் ஆட்டத்தின் நடுவே கழற்றி எறிந்தார். முடிவு தன்னுடையதே என்றார். இருபத்துநான்கு மணிநேரமும் நாட்டுக்காக என்று பேசப்படும் ஒரு விடுதியில், வேண்டாம் தம்பி, படு என்று சொல்லவேண்டியது மருத்துவரின் கடமை. வீரனிடம் அதை விட்டுவிடுவது கடமை தவறுதலே. தாம் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் என்பதை ஒவ்வொரு ஆட்டத்திலும் நிரூபிக்க வேண்டியவர்கள் என்று தம்மைக் கருதும் பிள்ளைகள் ஒருபோதும் 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். அலுவலகத்தில் காய்ச்சலுடன் இருந்து இரவுப்பணி முடித்த எம்மவர்கள் இதை வாசித்துத் தலையசைக்கக் கூடும்.

டிசெம்பர் 20இல் ரபாத் அரண்மனையில் மன்னர் அணியை வரவேற்றபோது ஒவ்வொரு வீரனும் தன் தாயுடன் நின்று படமெடுத்துக்கொண்டான். அதன்பின் அப்படமும் அரசியலாயிற்று, விளம்பரமாயிற்று; அரசுகள் சும்மா எதையும் செய்வதில்லை. ஒரு வருடத்துக்குச் சற்று மேலாக, 2024 ஜனவரியில், ஆபிரிக்கக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவிடம் மொறோக்கோ தோற்றது. தண்ட உதையைக் குறுக்குச் சட்டத்தில் அடித்தவர் அதே ஹக்கிமி.

எமது சொந்த வீட்டுக்கு வருவோம். தமிழர் பெயரில் ஓர் அணி 2012இல் குர்திஸ்தானிலும், 2014இல் சுவீடனின் ஒஸ்ரர்சுண்டிலும், 2018இல் லண்டனிலும், பீபாவில் இடமில்லாத மக்களுக்கான உலகப் போட்டிகளில் ஆடியது. அவ்வணியைவிட எமக்கு நெருக்கமானவை நாம் வாழும் ஒவ்வொரு நகரிலும் கோடையில் நடக்கும் சுற்றுப்போட்டிகள். பாடசாலை மைதானம், சுண்ணாம்புக் கோடு, ஒலிபெருக்கி, கொத்துரொட்டிக் கூடாரம். ஊர்ச் சங்கங்களினதும் பழைய மாணவர் சங்கங்களினதும் பெயரில் அணிகள்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறான ஒரு போட்டியில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியொன்றுக்குப் பொறுப்பாக இருந்தவர் இதை எழுதுபவரே. பதினான்கு பிள்ளைகள். அதில் ஒருவன் பயிற்சிக்கு ஒருநாளும் தவறாதவன், ஆனால் கால் கொஞ்சம் மந்தம். நான்கு ஆட்டங்கள் ஆடினோம். கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவனுடைய அம்மம்மா மடக்குக் கதிரையும் குடையுமாகக் காலை எட்டு மணிக்கே வந்து அமர்ந்திருந்தார். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் மெதுவாக என்னிடம் வந்து, "தம்பி, எங்கட பிள்ளையை எப்ப இறக்குவியள்? நான் போய்ச் சாப்பிட்டிட்டு வரலாமோ, இல்லாட்டி இருக்கட்டோ?" என்று கேட்டார். "இருங்கோ அம்மா, இப்ப இறக்குவம்" என்று சொன்னேன். இறுதியாட்டத்தில் கடைசி நான்கு நிமிடங்கள் இறக்கினேன். கிண்ணம் கிடைத்தது. படத்தில் அவன் பின்வரிசையில் நிற்கிறான். அடுத்த கோடையில் பயிற்சிக்கு அவன் வரவில்லை. தொராசுவின் படத்தை நான் பார்த்தது அதற்குப் பின்னர்தான்.

இவ்வாண்டுப் போட்டிக்கான விதிகளை ஆக்கும் கூட்டத்தில் எமது தொண்டர்கள் சார்பில் இரண்டு கோரிக்கைகளை வைத்திருக்கின்றோம். பதினைந்து வயதுக்குட்பட்ட பிரிவில், பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பாதியாவது களத்தில் நிற்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை அன்று மீண்டும் இறங்கக்கூடாது, தகப்பன் வந்து கெஞ்சினாலும் சரி. முதலாவதுக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. அணிகளின் தரம் குறைந்துவிடும் என்கிறார்கள். கூட்டம் அடுத்த ஞாயிறு மாலை மீண்டும் கூடுகின்றது, பெற்றோரும் வரலாம். பேரப்பிள்ளைகளின் ஆட்டம் பார்க்க வருகின்ற அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் வாங்குகளுக்குப் பின்புறமாக நிழற்கூடாரம் ஒன்று போடுவது பற்றியும் அன்றே பேசவிருக்கின்றோம். அதற்கு மட்டும் இதுவரை எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.